தேர்வீதிச் சுவர்

நலம் பெருகுக. நீர் குன்றாத வெண்கரை நாட்டைக் காத்து, இன்று வடபாசறையில் வீற்றிருக்கும் கோமான் அருந்திறலார் திருமுன்பு, அவர்தம் புதுநகரை வகுத்த அமைச்சன் மாதிரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. கொற்றமும் ஆநிரையும் வாழ்க. நகரின் பிள்ளைகள் அவற்றுக்கு முந்தி வாழ்க.

திருநகர் ஆரவாரமின்றி விளங்குவதைப் பாராட்டி, கோமான் 'அமைதிகாத்தான்' என்னும் பட்டமும் பொன்மாலையும் அனுப்பியருளினார். மாதிரன் இரண்டையும் இவ்வோலையுடன் திருப்பி அனுப்புகிறான். செருக்கால் அன்று, வெட்கத்தால்.

தேர்வீதியின் இருமருங்கும் எழுந்த சுவருக்கு அளவு குறித்தவன் அவனே. கல்தச்சர் உயரம் கேட்டபோது தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். தன்னிலும் குள்ளமான குடிகள் நகரில் உண்டென்பது, ஐயகோ, அத்தனை கற்றும் அவன் புத்திக்கு எட்டவில்லை. நகர்த் திறப்பு நாளில் பெரியோர் சுவர்மேல் கையூன்றித் தேர் கண்டார்கள். பிள்ளைகள் கல்லைக் கண்டார்கள். கொல்லன் பூதனின் எட்டு வயது மகள் தத்தை, சுவரேறி எட்டிப் பார்க்கையில் வீதியில் விழுந்தாள். தேர்ச்சக்கரம் அவள் வலக்காலில் ஏறியது.

மாதிரனோ, அது பிள்ளைக் குறும்பால் நேர்ந்ததென்று பாசறைக்கு எழுதி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். சுவரை மேலும் ஒரு முழம் உயர்த்தினான். சிறார் அவ்வீதிக்கு வரலாகாது என்று பறையறைவித்தான். கோமான் பாராட்டிய அமைதி அவ்வாறு வந்ததே.

பட்டம் வந்த அன்று, பொறுத்தருளக் கேட்கலாம் என்று அவன் கொல்லன் வீட்டுக்குப் போனான். கோலூன்றி வந்த தத்தை முந்திக்கொண்டு, "ஐயா, அன்னிக்குத் தேருல போனது யாரு? நான் பாக்கவே இல்லையே" என்றாள். பூதன் தலைகவிழ்ந்தான்; அவனுக்குத் தெரியும், சொல்ல அஞ்சியிருந்தான். மாதிரன் கேட்க வந்ததைக் கேளாமலே திரும்பினான்.

ஆகவே தன் முத்திரையால் அவன் இடும் கடைசி ஆணை இது. தத்தையைச் சுவரருகே நிறுத்தி, அவள் முகவாய்க்கு மேலுள்ள கல் யாவும் இறக்கப்படுக. தேர் ஓடும் நாளில் அது மனிதர் நடக்கும் வேகத்திலேயே செல்க. ஏனைய நாளெல்லாம் வீதி பிள்ளைகளின் ஆட்டத்துக்கே ஆகுக. முத்திரை மோதிரம் இத்துடன் வருகிறது. அவனுக்குரிய தண்டம் கோமான் சித்தம்.

இவ்வோலையின் படியை, ஓலை வாசிப்போர் முதலில் கொல்லன் வாயிலில் நின்று, தத்தையின் செவியில் விழுமாறு உரக்க வாசிக்கக் கடவர். சுவர் தாழ்க, இச்சொல் நிற்க.

அன்று தேரில் போனவன் மாதிரன்.