இனாம் மருந்து

கொழும்பு
12-8-1956

அன்புள்ள ரஹ்மா பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையில் நீயும் மகள் சுலைகாவும் உம்மாவும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். நான் சுகம். எழுத்து வேறாக இருக்கிறதென்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடை காதர் காக்கா எழுதுகிறார்.

கடையில் மாசிக் கருவாட்டு மூட்டையைப் பிரிக்கும்போது கட்டுக்கம்பி வலது கையில் குத்திவிட்டது. இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மருந்து இனாம். அதனாலேயே நான் போகவில்லை. கை வீங்கி, இரண்டு விரல் கறுத்த பிறகு காக்காதான் இழுத்துப் போனார்.

"ஏன் முந்தியே வரேல்லை?" என்று யாழ்ப்பாணத்து டாக்டர் கேட்டார்.

"உழைக்கிறவன் ஸதகா வாங்குறது ஆகாதுன்னு இருந்துட்டேன்" என்றேன்.

"இது தர்மமில்லை. நீர் வாங்குற சீனியிலயும் வரி இருக்கு" என்றார்.

முதலாளியோ, "கவனமில்லாம குத்திக்கிட்டவனுக்கு ஊர்ப் பணத்துல வைத்தியமா?" என்கிறார். யார் சொல்வது சரியென்று யோசிக்கவும் தோன்றவில்லை. விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். வலி இல்லை. வருத்தமும் தெரியவில்லை.

சட்டைப் பித்தான் போடத்தான் ஆளில்லை. தலைவழியாக மாட்டுகிற ஜிப்பா ஒன்று தைத்து, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு.

சுலைகாவுக்குக் காதில் சீழ் வடிகிறதென்றும், என் பணம் வந்ததும் டாக்டரிடம் காட்டுவதாகவும் எழுதியிருந்தாய். காத்திருக்காதே. நாளைக்கே ராமநாதபுரம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. இனாம் என்று கூசாதே.

காக்காவுக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. கீழே கோணலாக இருப்பது என் கையெழுத்துதான். இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

செய்யது மீரான்