விசிறியில் சிக்கிய தேசிக்காய்

கார் ஏசி சுடுகாற்று ஊதுவதற்கு, லண்டனிலிருந்து வந்த மச்சானின், அதாவது அவளுடைய அண்ணனின், கண்ணூறுதான் காரணம் என்று மூன்று கிழமையாகச் சொல்லிவந்த கணவருக்கு, சுபாஜினி தாள் கிழியும்படி அழுத்தி எழுதினாள்:

“இஞ்சருங்கோ, காரைக் கராச்சுக்குக் கொண்டுபோனன். காஸ் குறையேல்லை. அண்ணை வந்த அண்டைக்கு, கண்படக் கூடாதெண்டு நீங்கள் முன் கிரில்லிலை கட்டின தேசிக்காய் மாலைதான் உள்ளுக்கை இழுபட்டு ஏசி விசிறியிலை சிக்கி, அதைச் சுத்தவிடாமல் பிடிச்சிருக்கு. வெட்டி எடுத்தவுடனை நல்லாய்க் குளிருது.

அண்ணையைக் காரைநகர்க் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். சோறும் பருப்பும் மூடி வைச்சிருக்கு. நண்டுக் கறி எங்களோடை வருது. பின்னேரம் அண்ணை வரேக்கை முகங்குடுத்துக் கதையுங்கோ.”

படலை வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“மாலை மேசையிலை கிடக்கு. கதைக்க ஏலாதெண்டால், அதை உங்கடை வாயிலை கட்டிக்கொண்டு இருங்கோ.”