அணைக்கும்போது ஒரு டப்

ஜூன் 9, 2024, ஞாயிறு

ஆம்ப்ளிஃபயர் முடிந்தது. மூன்று வாரம், விரலில் இரண்டு சூடு. பாட்டு அப்படி வருகிறது, கடையில் விற்கிற செட்டெல்லாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஆனால் சுவிட்சை அணைத்தால் ஸ்பீக்கரில் 'டப்'. அடுப்படியிலிருந்து இந்து கத்தினாள்: "ஏனுங்க, நெஞ்சே நின்னுருமாட்ட இருக்குதுங்க! இதுக்குத்தானா மூணு வாரம்?"

கரண்ட் போகும்போது பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஒன்றாக இறங்கவில்லை, அதனால்தான் அந்த டப். போன நொடியே ஸ்பீக்கரைத் துண்டிக்கிற மாதிரி ஒரு ரிலே போட்டால் தீர்ந்தது.

ஜூன் 11

ரிலே வாங்கினேன். போடவில்லை.

அணைத்தேன், 'டப்' — தரையில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்த மகள் தரணி சடாரென்று திரும்பினாள்! மறுபடி போட்டு அணைத்தேன். திரும்பினாள். ஐந்து தடவை, ஐந்தும்.

வயது ஐந்து தாண்டியும் மகளுக்குப் பேச்சு வரவில்லை, காதைச் சோதித்துப் பாருங்கள் என்று அங்கன்வாடி டீச்சர் போன வாரம் சொன்னதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. இருபத்து நாலாம் தேதி கோவையில் டெஸ்ட். இனி எதற்கு டெஸ்ட்? கேட்கிறது! இந்து அழுதுகொண்டே சிரித்தாள். அந்த டப் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 23

நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஒருக்கா பாத்துட்டு வந்தா என்னங்க?" என்று இழுத்தாள் இந்து. எதற்கு? ஊர் பூராவும் பிள்ளைக்குச் செவிடு என்று பேர் வாங்கவா? கடைசியில், "சரிங்க. சத்தத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றாள். டீச்சருக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சு.

ஆகஸ்ட் 3

ஆடி நோம்பிக்கு மாமனார் வந்திருந்தார். அவர் முன்னால் அணைத்துக் காட்டினேன். தரணி திரும்பினாள், எல்லோரும் கை தட்டினோம், அவளுக்கு ஒரே குஷி. "அட, எங்கண்ணுக்கு நல்லாத்தான் கேக்குதுங்க மாப்பிள்ளை!" என்றார். அவரும் நாலு வயசில்தான் பேச ஆரம்பித்தாராம். பிறகென்ன?

நவம்பர் 20

"குக்கர் விசிலுக்குத் திரும்ப மாட்டீங்கறாளுங்க" என்றாள் இந்து. தினமும் கேட்கிற சத்தத்துக்கு யார் திரும்புவார்கள்? எரிச்சலில் கத்திவிட்டேன். நான் கத்தினதற்குத் தரணி திரும்பினாளா? கவனிக்கவில்லை.

மார்ச் 14, 2025

தரணிக்கு ஆறு வயது முடிந்தது. கேக் வெட்டினோம். பேச்சு இல்லை.

ஏப்ரல் 2

கம்பெனியில், பனியன் துணி பின்னுகிற நிட்டிங் ஹாலில் ரபீக் காதில் பஞ்சோடு, மெஷின்களுக்கு முதுகைக் காட்டி நூல் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னோடு பத்து வருஷமாக மெஷின் ஓட்டுகிறவர். திடீரென்று, "கதிரு, ஏழாம் நம்பர் நின்னுருச்சு பாருங்க" என்றார். பார்த்தால் நின்றிருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று சும்மாதான் கேட்டேன்.

"என்னங்க புதுசா வந்தவனாட்டக் கேக்கறீங்க? காலுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இரைச்சலில் காதை நம்பி யார் வேலை செய்கிறார்கள்? தரை அதிர்வை வைத்துத்தான் எல்லாம்.

வீட்டில் ஸ்பீக்கர் பெட்டியும் தரையில்தான், தரணியும் தரையில்தான். பர்மிஷன் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஸ்பீக்கர் பெட்டியைக் கயிறு கட்டி உத்தரத்துக் கொக்கியில் தொங்கவிட்டேன். அணைத்தேன். டப். தரையில் கிறுக்கிக்கொண்டிருந்த தரணி நிமிரவில்லை. மறுபடி. மறுபடி. இல்லை. பெட்டியைத் தரையில் இறக்கி வைத்து அணைத்தேன். திரும்பிப் பார்த்துக் கை தட்டினாள்.

அடப் பாவி கதிரு. பதினஞ்சு வருசமா அந்த மெஷின் தரையிலதானடா நிக்கற? உனக்கே தெரியலையா? இல்ல — தெரியக் கூடாதுன்னு இருந்தயா? புள்ளைக்குக் காது கேக்கவே இல்லடா.

ஏப்ரல் 7

கோவை. இரண்டு காதும் பிறவியிலிருந்தே கேட்கவில்லை. காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷனை அரசுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருந்தால்தான் செய்வார்களாம். "இருபத்து நாலு நாள் தாண்டிருச்சுங்களே" என்றார் டாக்டரம்மா. வெளியில் எங்காவது செய்தாலும் இந்த வயதுக்கு மேல் பேச்சு வருவது ரொம்பக் கஷ்டமாம். "போன வருசமே கூட்டிட்டு வந்திருக்கலாமே, ஏன் வரலீங்க?"

இந்து என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 8

இந்து பேசவில்லை.

ஏப்ரல் 19

இன்னும் பேசவில்லை. நேரத்துக்குச் சோறு வைக்கிறாள், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து அட்டைப் பெட்டியில் போட்டேன். அதைப் பார்த்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாலு திட்டுத் திட்டினாலாவது தேவலை.

ஜூன் 2

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் தரணியைச் சேர்த்தோம். ஹாஸ்டல்தான். படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். பேர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த வரி: குறைபாடு பெற்றோருக்கு எப்போது தெரிய வந்தது? ஏப்ரல் 2025 என்று எழுதப் போனேன். பக்கத்திலிருந்த இந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ஜூன் 2024 என்று எழுதினாள்.

பிறகு பேனாவை என்னிடம் நீட்டி, "கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க" என்றாள்.

போட்டேன்.