அக்காவின் குறட்டை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதை வருகிற வியாழக்கிழமைக்குப் பிறகுதான் சொல்ல முடியும். போனிலேயே பேசியிருக்கலாம். நாம் இருவரும் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, பார்.

பழசைக் கிளற எழுதவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் மகன் கல்யாணத்துக்கு வந்த இடத்தில், தூங்கிக்கொண்டிருந்த என் குறட்டையைப் போனில் பதிவு செய்து, காலைச் சாப்பாட்டின்போது சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் போட்டுக் காட்டினாயே, அது உனக்கே அடுக்குமா? சம்பந்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்கு மானம் போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள்தான், இன்றுவரை உன் முகத்தில் விழிக்கவில்லை. அந்தப் பதிவை எனக்கும் அனுப்பியிருந்தாய். நான் திறக்கவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் கேன்டீனில் அண்டா முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டேன். கொதிநீர் பட்டுக் கை வெந்துவிட்டது. பதறாதே, ஆறிவிட்டது. அடுப்படியில் கண் சொருகுவது எனக்குப் புதிதில்லை, வயசாகிறது என்று இருந்துவிட்டேன். கட்டுப் போட்ட எங்கள் தொழிற்சாலை நர்ஸ், குறட்டை விடுவீர்களா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத் தூங்குகிறவள், நான் எதைக் கண்டேன்? வேறு வழியில்லாமல் உன் பதிவைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. “குறட்டைய விடுங்கக்கா. நடுவுல சத்தமே இல்லாம போகுதே, அங்க நீங்க மூச்சே விடல” என்றாள்.

கடைசிவரை கேட்டோம். கல்யாண வீட்டில் நீ போட்டது ஆரம்பத்தை மட்டும்தான். முடிவில் உன் குரல் இருக்கிறது. முதலில் சிரிக்கிறாய். அப்புறம் “அக்கா” என்கிறாய். அப்புறம் “அக்கா, மூச்சு விடுக்கா, ஐயோ, மூச்சு விடு” என்று கத்துகிறாய். நீ என்னை உலுக்கியது நினைவிருக்கிறது. ஒன்றுமில்லை, திரும்பிப் படு என்றாய். நானும் எரிச்சலோடு திரும்பிப் படுத்தேன். அடிப்பாவி, இதைக் காலையில் சொல்லியிருக்கக் கூடாதா? பயந்ததை மறைக்கத்தான் அத்தனை சிரிப்பு சிரித்தாய், உன் குணம் எனக்குத் தெரியாதா? எனக்கு அனுப்பியதும் நான் கேட்க வேண்டும் என்றுதான். நான்தான் வீம்பு பிடித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற நோயாம். காற்று ஊதும் முகமூடி ஒன்று கொடுத்தார்கள். மாதக்கணக்கில் மாட்டிப் பார்த்தேன், தூக்கத்தில் நானே பிடுங்கி எறிந்துவிடுகிறேன். பிறகு மயக்க மருந்து கொடுத்து கேமரா விட்டுப் பார்த்ததில், நாக்கின் அடிப்பகுதி தடித்துப் பின்னால் சரிந்து தொண்டையை அடைப்பது தெரிந்தது. அந்தச் சதையைத்தான் வியாழக்கிழமை ரோபோ வைத்து எடுக்கப்போகிறார்கள். டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கையை அசைப்பாராம். மெஷினின் மெல்லிய கைகள் என் வாய்க்குள் போய் அதே மாதிரி அசையுமாம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காதாம். “உன் நாக்கைக் குறைக்க மனுஷரால் ஆகாது, மெஷின்தான் வரவேண்டும்” என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

எல்லாருக்கும் முழுக்கக் குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. ரத்தம் கசியலாம், சில வாரம் எச்சில் விழுங்குவதே பாடாக இருக்கலாம். அதெல்லாம் கிடக்கட்டும். ருசி கொஞ்ச நாள் மங்கலாம், சிலருக்குப் பழையபடி திரும்பாமலும் போகலாம் என்றார். உப்புப் பார்க்க முடியாத சமையல்காரியை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் அந்தப் பதிவில் நீ கத்தியதை இன்னொரு தரம் கேட்டேன். மறுநாள் போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன்.

உன்னை இங்கே வரச் சொல்லவில்லை. மருமகளுக்கு நிறைமாசம் என்று கேள்விப்பட்டேன். இந்த நேரத்தில் நீ அவள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து வரட்டும். அவளுக்கு என் ஆசியைச் சொல்.

ஒன்றே ஒன்று. ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, உன் நம்பரைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். வியாழக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுத்துவிடுடி.

இப்படிக்கு,
உன் அக்கா