காரம் குறைத்த கறியும் உன் சிவப்பு வைனும்

மாப்ள, இன்று மத்தியானம் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வைன் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கினேன். நாவல்பழமும் ஈர மரக்கட்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது. நீ போய் இன்றோடு ஒரு வருஷம். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை.

இதே வைனை நீ முதலில் கொண்டுவந்தது கப்பல் வேலையின் முதல் லீவில். அங்கே சாப்பாடு பரிமாறுகிற வேலை உனக்கு. இத்தாலியில் டஸ்கனி பக்கம் மூன்று திராட்சையைக் கலந்து செய்கிறார்கள் என்று சாஞ்சியோவேசே, கேபர்னே, மெர்லோ என்றெல்லாம் பெற்ற பிள்ளைகளின் பேரைப்போல ஆசையாகச் சொன்னாய். "ரொம்ப அழுத்தமான வைன் மாப்ள. பாக்கு மாதிரி துவர்க்கும். கொழுப்பு இருக்கற கறி சாப்ட்டாதான் அது அடங்கும். மொளகா, புளி மட்டும் வேணாம். மிளகு போட்டு வறுத்துடு."

நான் கேட்பேனா? மொரப்பூரில் மெஸ் நடத்துகிறவன், என் கறிக்குழம்புக்கென்றே ஆள் வருகிறது. "உன் பாட்டிலுக்குப் பயந்துகிட்டு நான் கைய மாத்தணுமாடா?" என்று கேட்டுவிட்டு, வழக்கத்தைவிட ஒரு பிடி மிளகாய் கூடவே அரைத்துப் போட்டேன். திமிர்தான், வேறென்ன!

அன்று மெஸ்ஸுக்கு விடுமுறை. நம் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். களியோடு ஒரு வாய் குழம்பு, அதன் மேல் ஒரு மடக்கு வைன். வாயெல்லாம் எரிந்தது. எல்லார் முன்னாலும் தூவென்று துப்பினேன். "இதுக்காடா கடல் தாண்டிப் போன? கஷாயம்டா இது!" எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு உன் தம்ளரை நீ தொடவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், களியில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த லீவிலும் அதே வைனோடு வந்தாய். "ஞாயித்துக்கெழம நானே சமைக்கறேன், நீ கையக் கட்டிக்கிட்டு உக்காரு," என்று போனில் சொன்னாய். வெள்ளிக்கிழமையே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். என்னடா அவ்வளவு அவசரம்? ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாள் தந்திருக்கக் கூடாதா?

வருஷப் படையலுக்கு உன் வீட்டுக்காரம்மா காரிமங்கலத்துக்குக் கூப்பிட்டாள். குடி என்றாலே ஆகாதவள், அந்தப் பாட்டிலை மட்டும் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாள். "உங்களுக்குன்னு கொண்டாந்ததுங்கண்ணா. அவரு எப்படி சொன்னாரோ, கறிய அப்படியே செஞ்சி படைச்சிடுங்க."

படையல் சமையலில் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. செத்தவர்களுக்கு வைத்த பிறகுதான் நாம் வாயில் வைக்கலாம். இத்தனை வருஷம் என் நாக்கை நம்பிச் சமைத்தவன், இன்று உன் பேச்சை மட்டும் நம்பிச் சமைத்தேன். கொழுப்போடு ஆட்டுத் தொடைக்கறி, பூண்டு, மிளகு. மிளகாய் டப்பா பக்கம் கை தானாக இரண்டு தடவை போனது. இழுத்துக்கொண்டேன்.

கற்பூரம் காட்டி முடித்து இலையில் உட்கார்ந்தேன். கறியின் கொழுப்பு நாக்கில் இருக்கும்போதே ஒரு மடக்கு குடித்தேன். அடேயப்பா! துவர்ப்பு அடங்கி, பழ ருசி மட்டும் நின்றது. அதே மூன்று பேரும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களிடம் சொன்னேன்: "அன்னிக்குத் தப்பு வைன்ல இல்லடா, என்கிட்டதான். அவன் சொன்னதுதான் சரி."

உன் வீட்டுக்காரம்மா சோறு வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அவரு அதப் பெருசா நெனைக்கலங்கண்ணா. 'எங்க ஊர்ல ஒருத்தன் கறிக்கொழம்பு வெப்பான், அத எதுத்து நிக்கற வைன எந்த நாட்டுலயும் இன்னும் செய்யல'ன்னு கப்பல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்னு எங்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு."

நான் துப்பிய கதையை நீ கப்பலெல்லாம் சொன்ன விதம் இதுதானா? இவ்வளவு பெரிய மனசை என்னிடம் விட்டுவிட்டுப் போனாயே, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லு மாப்ள.