வெள்ளையடிச்ச போர்டு

புத்தூர்
20-2-56

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு உன் நைனா மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. இங்க நானும் உன் தம்பி முனிரத்தினமும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். அங்க கரக்பூர்ல நீயும் மாப்பிள்ளையும் பச்சக்கொழந்தையும் சொகமா இருக்கணும்னு பெருமாளை வேண்டிக்கிறேன். பொம்பளப்புள்ள பொறந்திருக்குன்னு மாப்பிள்ளை போட்ட கார்டு வந்து எட்டு நாளாச்சு. தம்பி தெருவெல்லாம் வெல்லம் குடுத்தான். நானும் ஒரு துண்டு துன்னேன், இனிப்பு தெரியல. இப்ப எதுவும் அப்படித்தான் இருக்குது, கோவிச்சுக்காத. பச்ச ஒடம்பு, குளிர்ந்த தண்ணியில கைய வைக்காத, தலைக்கு ஊத்தினா நல்லா துவட்டு.

உங்கம்மா ஐப்பசியில தவறினப்ப ரயில்ல அடிபட்டுன்னு மட்டும் எழுதினேன். நீ ஏழு மாசம், அதுக்கு மேல எழுத வேணாம்னு விட்டுட்டேன். இப்ப புள்ள பெத்து எழுந்துட்ட, சொல்லிடறேன். திருப்பதி ஸ்டேஷன்ல யாத்திரிகர் தங்கற ஹால் செவுத்துல பெருமாள் கதைய படமா எழுதற வேலை எனக்குக் கெடச்சுது உனக்குத் தெரியும். அந்த வேலையக் குடுத்த காண்டிராக்டர் சிட்டிபாபுதான் வழியில இருக்கிற ஸ்டேஷன் போர்டுங்களையும் எடுத்திருந்தாரு. ஆந்திரா தனியா போனதுலேர்ந்து எந்த ஊர் எந்தப் பக்கம்னு பேசிக்கினே இருக்காங்க இல்ல, மேல எந்த பாஷை கீழ எந்த பாஷைன்னு ஆர்டர் வரல, அதுவரைக்கும் பழைய எழுத்தை மறைச்சு வெள்ளையடிச்சு வைன்னாரு. ஒரு வாரத்துல வந்துடும்னாரு. நானும் ஒவ்வொரு ஸ்டேஷனா எறங்கி வெள்ளையடிச்சேன். நல்லா ரெண்டு கோட்டிங் குடுத்தேன், பழைய எழுத்து கொஞ்சங்கூட தெரியக்கூடாதுன்னு.

நான் திருப்பதியிலேயே தங்கி வேலை செய்யசொல்ல எனக்குக் காய்ச்சல் வந்துது. ஊர்க்காரன் ஒருத்தன் போய் சொல்லியிருக்கான். உங்கம்மா கஞ்சியும் கஷாயமும் எடுத்துக்கினு தனியா வண்டி ஏறிட்டா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரேணிகுண்டாவுல வண்டி மாறணும், போர்டுல முதல்ல ரெட்டைச்சுழி கொம்பு இருக்கும், அதைப் பாத்து எறங்குன்னு நான்தான் முன்னாடி ஒருக்கா அடுப்பங்கரை செவுத்துல கரியால எழுதிக் காட்டியிருந்தேன். அதை மனசுல வச்சுக்கினு வந்திருக்கா. நல்ல மழை. ரேணிகுண்டாவுக்கு முன்ன ஒரு சின்ன ஸ்டேஷன்ல வண்டியை நிறுத்திட்டாங்க. பக்கத்துல நகரிக்காரம்மா ஒருத்தங்க, சந்திரம்மான்னு பேரு, உக்காந்திருந்தாங்க. அவங்கதான் பின்னாடி வந்து என்கிட்ட சொன்னாங்க. இது எந்த ஊருன்னு உங்க சம்சாரம் கேட்டாங்க, எனக்கும் புது ஊரு, தெரியலம்மான்னேன், போர்டைப் பாத்தாங்க, ஒண்ணுமே எழுதல, லைனுக்கு அந்தாண்ட இன்னொரு போர்டு இருக்குது, அதுலயாவது எழுதியிருக்கும், பாத்துட்டு வந்துடறேன்னு கஞ்சித் தூக்கை என்கிட்ட குடுத்துட்டு எறங்கினாங்கன்னு சொன்னாங்க. அந்த லைன்ல கூட்ஸ் வந்துது.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் உசிரு இருந்துது. நல்லாத்தான் பேசினா. போர்டுல எழுத்தே இல்லியேன்னு கேட்டா. மழையில அழிஞ்சிருக்கும்னு சொன்னேன். அப்படியா, நீங்க எழுதினா அழியாதேன்னா. மறுநாள் விடியசொல்ல போய்ட்டா. அவகிட்ட பொய் சொல்லிட்டேன் தாட்சாயணி. உன்கிட்டயும் தம்பிகிட்டயும் அதையே சொல்லிக்கினு இருக்க முடியல. தம்பிகிட்ட போன வாரம் சொன்னேன். அவன் ரெண்டு நாள் என்கூட பேசல, மூணாம் நாள் சாதம் போட்டுக் குடுத்தான்.

அவ போன பத்தொன்பதாம் நாள் போர்டு ஆர்டர் வந்துது. மூணு பாஷையிலயும் எழுதலாமாம். அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு வேற ஆள் அனுப்பட்டுமான்னு சிட்டிபாபு கேட்டாரு. வேணாம்னுட்டு நானே போய் ரெண்டு போர்டையும் எழுதினேன். எழுத்து நேராத்தான் வந்துது. எழுதி முடிச்சு பக்கத்துல உக்காந்து கொண்டு போன சோத்தைத் துன்னேன். அழுகை வரும்னு பாத்தேன், வரல.

அப்புறம் திருப்பதியில எஞ்சினீயர்கிட்ட போய், படிக்கத் தெரியாதவங்களுக்கு ஸ்டேஷனுக்கு ஒரு படம் போடறேன்னு கேட்டேன். போர்டுல பேரைத் தவிர எதுவும் கூடாதுன்னு தெலுங்குல சொல்லிட்டாரு. நாலு தரம் போய் நின்னேன். கடைசியில ஹால் செவுத்துல போட்டுக்கோன்னாரு. பெருமாள் வேட்டைக்கு வந்து நாராயணவனம் தோட்டத்துல தாயாரைப் பாக்கற படத்துக்குக் கீழ நீளமா தண்டவாளம் போட்டு, ஊருக்கு ஒரு படம் எழுதினேன். நம்ம புத்தூருக்கு எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்ட கை, ரேணிகுண்டாவுக்குப் பிரியற ரெண்டு லைன். அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு மட்டும் ஒரு வாரம் எதுவும் போடாம இருந்தேன். பின்னாடி அங்க நிக்கற ரெண்டு புளியமரத்தைப் போட்டேன். முந்தாநாள் ஒரு பொம்பள, மொட்டையடிச்ச தலை, செவுத்துல வெரலை வச்சு எண்ணிக்கினே வந்து, வண்டி பிரியற எடத்துல எறங்கணும், அடுத்தது புளியமரம், அங்க எறங்கக்கூடாதுன்னு மாமியார்கிட்ட சொல்லிக்கினு இருந்தா. நான் பிரஷைக் கழுவப் போய்ட்டேன்.

இதுதான் நடந்தது. நீ என்னைத் திட்டி எழுதினாலும் எழுது, எழுதாம மட்டும் இருந்துடாத. கொழந்தைக்கு உங்கம்மா பேரு வைக்கணும்னு கட்டாயம் இல்ல, மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றாங்களோ அப்படியே செய். சீக்காளி ஆவாம ஒடம்பைப் பாத்துக்கோ. மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. அஞ்சாம் மாசம் கொழந்தையைத் தூக்கிக்கினு வரசொல்ல எந்த வண்டின்னு முன்னாடியே கார்டு போடு. ரேணிகுண்டாவுல பிளாட்பாரத்துல நான் வந்து நிக்கறேன். போர்டைப் பாத்து எறங்காத, என் மூஞ்சியைப் பாத்தப்புறம் எறங்கு.

இப்படிக்கு,
உன் நைனா
திருவேங்கடம்