ராசியில்லாத கோட்டு

மே 11, ஞாயிறு

நோயல் ஆகிய நான், கோடம்பாக்கத்தில் முப்பது வருடத் துணை நடிகன், நான்கு முறை நீதிபதி, எண்ணற்ற முறை மாப்பிள்ளையின் சித்தப்பா, அதைவிட அதிக முறை பிணம், தற்சமயம் மந்தைவெளியில் தங்கை வீட்டு ஹாலின் நிரந்தரக் குடிமகன், மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு இந்த டைரியின் மேல் கை வைத்து உறுதி கூறுகிறேன்: இனி இதில் வரப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். எழுதி முடித்தபின் நானே நம்புவேனா என்பது சந்தேகம்.

தங்கை மகள் கரோலுக்கு ஆறாம் வகுப்பு. ஆறிலிருந்து பிளேசர் கட்டாயம் என்று தங்கை ஐரினின் போனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி. பிளேசர் என்றால் கோட்டு. முழுக்கை, தடித்துணி, உள்ளே லைனிங் வேறு. சென்னையில்! கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் காயப்போட்ட வடாம் தானே பொரிந்து கீழே வருகிறது. இந்த ஊரில் கோட்டு. "பள்ளிக்கூடத்தை ஊட்டிக்கு மாத்தறாங்களா?" என்று கேட்டேன். ஐரின் சிரித்தாள். சிரிக்கும்போதே கை வாய்க்குப் போய்விட்டது.

அந்தக் கையைப் பற்றி எழுதியாக வேண்டும். மூன்று கிறிஸ்துமஸுக்கு முன், அவளே சுட்ட முறுக்கைக் கடித்து முன்பல் பாதி போயிற்று. அன்றிலிருந்து சிரித்தால் கை. கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று தனியாகப் பாடியவள், இப்போது கடைசி வரிசையில், பாட்டுப் புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வருடம் முழுக்கப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பல்லுக்கென்று சேர்ப்பாள். ஜூன் வரும். பள்ளிக்கூடம் வாயைத் திறக்கும், ஐரின் வாயை மூடிக்கொள்வாள். முதல் வருடம் பல்லை விழுங்கியது வேன் கட்டணம். போன வருடம் ஷூவும் ஸ்மார்ட் கிளாஸும். (என் நிதியுதவி: ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். அதில் காம்பஸ் இல்லை.)

இந்த வருடம் கோட்டு. கோட்டும் பல்லும் கிட்டத்தட்ட ஒரே விலை.

"பல்லு எங்கண்ணா ஓடிடப்போகுது? அப்புறம் பாத்துக்கலாம்."

பாதி ஏற்கெனவே ஓடிவிட்டதே, அம்மா.

மே 13, செவ்வாய்

தி. நகர் படையெடுப்பு. பள்ளிக்கூடம் கைகாட்டிய ஒரே கடை. வேறு எங்கு வாங்கினாலும் செல்லாது. பேனா மூடியில்கூட முத்திரை வேண்டுமாம். அகில உலகமும் தன் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு அங்கே வந்து நின்றது. வரிசையின் தலை கடைக்குள், வால் செங்கல்பட்டில். எனக்கு முன்னால் நின்றவர் மகனுக்கு எல்.கே.ஜி. யூனிஃபார்ம் வாங்க வந்தவர். வரிசை நகர்வதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிட்டது.

எங்கள் முறை வந்தபோது கரோலின் சைஸ் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு சைஸ் பெரியதை மாட்டிவிட்டார். கோட்டு தெரிந்தது, பிள்ளையைக் காணோம். காலர் வழியாக எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்.

"வளர்ற புள்ள சார். எடுத்துக்குங்க, பத்தாவது வரைக்கும் வரும்."

"எதுக்குங்க பத்தாவது? இப்பவே குடும்பத்தோட உள்ள குடித்தனம் வந்துடறோம்."

ஐரின் என் முழங்கையில் கிள்ளினாள். சரியான சைஸ் முப்பதாம் தேதி வருமாம். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அதுவரை ஆயுள்.

மே 14

கனவில் ஒரு பென்குயின். அதற்கும் வேர்த்துக் கொட்டியது.

மே 16, வெள்ளி

கண்டேன் கோட்டை! மேல்வீட்டு சுப்புலக்ஷ்மி மாமியின் மகள் ஸ்ரீரஞ்சனி அதே பள்ளிக்கூடம். ஒன்பதாவது போகிறாள், விறுவிறுவென வளர்ந்துவிட்டாள். அவளுடைய பழைய கோட்டு பாலித்தீன் உறையோடு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

"நாலு தரம்கூடப் போட்டுக்கலை அவ. ஆண்டு விழாவுக்கு ஒருதரம், போட்டோவுக்கு ஒருதரம். சும்மா தொங்கிண்டு எடத்த அடைக்கறது. பாத்திரக்காரன் ஒரு டம்ளருக்குக்கூட எடுத்துக்க மாட்டேங்கறான். உங்காத்துக் கொழந்தைக்கு வேணும்னா எடுத்துண்டு போங்கோளேன், நோயல்."

மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி ஐரினிடம் சொன்னேன்.

"வேணாண்ணா."

"ஏன்டீ?"

"மேல்வீட்டுப் புள்ள போட்ட கோட்ட மாட்டிக்கிட்டு எம்பொண்ணு அதே படில ஏறி எறங்கணுமா? நாளைக்குச் சின்னதா ஒரு சண்ட வந்தா, 'அது என் கோட்டு'ன்னு ஒரு வார்த்த வராதா? நம்மால வாங்க முடியலன்னு யாரும் சொல்லக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை.

படுத்துக்கொண்டு யோசித்தேன். பழைய கோட்டு என்றால் யாரும் தொடமாட்டார்கள். சரி. ராசியான கோட்டு என்றால்? ராசியான சட்டை என்று நூறு நாள் துவைக்காமல் போட்ட ஒரு தயாரிப்பாளரை நான் அறிவேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் அவர் அருகே போவோம். அவரைக் கண்டு யாராவது 'பழைய சட்டை' என்றார்களா?

மே 17, சனி

காலை, பால் பூத்தில் விதைத்தேன். மாலை, மாவு மெஷினில் நீர் ஊற்றினேன். மேல்வீட்டு ஸ்ரீரஞ்சனி அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கணக்கு தானே விடையைச் சொல்லுமாம். அதைப் போட்டுப் போன போட்டியிலெல்லாம் முதல் பரிசாம். (வரலாற்று உண்மை: கோலப் போட்டி, ஆறுதல் பரிசு, ஒரு சோப்பு டப்பா.)

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் பவுல்சாமி பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன், என் பால்ய சிநேகிதன்.

"இன்னா நோயலு, உங்க மேல்வூட்டுப் பொண்ணு கோட்டு போட்டுக்கினு பரீட்ச எழுதி அமெரிக்கா போய்ட்சாமே?"

"காலைல மாடில துணி காயப்போட்டுட்டு இருந்துச்சேடா."

"அது லீவுக்கு வந்திருக்கும் நைனா."

ஒரே இரவில் என் பொய் என்னைவிடப் படித்துப் பட்டம் வாங்கிவிட்டது. மதியம் ஐரினே வந்தாள். பாடகர் குழுவில் யாரோ சொன்னார்களாம். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு, "அண்ணா, மாமி அந்தக் கோட்டு தரேன்னு சொன்னாங்கல்ல? கேட்டுப் பாக்கறியா?"

வெற்றி! இரண்டு முறை பாயசம் கேட்டேன். பாயசம் இல்லை என்றாள். பரவாயில்லை.

மே 20, செவ்வாய்

மாமி கதவைப் பாதிதான் திறந்தாள். கோட்டு கதவுக்குப் பின்னால் இல்லை. பூஜை அலமாரிப் பக்கம், காலரில் குங்குமப் பொட்டோடு தொங்கியது. கற்பூர வாசனை.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ நோயல். இத்தன நாள் நேக்கே தெரியாமப் போச்சு பாருங்கோ! ஊரே சொல்லறது. எங்காத்துச் சின்னவன் ஷ்ரவணுக்குன்னு எடுத்து வச்சுட்டேன்."

"ஷ்ரவணுக்கு மூணு வயசுதானே மாமி?"

"அதனாலென்ன? ராசி எங்கயாவது கெட்டுப்போறதா?"

என்னடா பண்ணிவெச்ச நோயலு? சும்மா கெடச்ச கோட்ட வாயால ஊதி ஊதி மேல அனுப்பிட்டியேடா!

மே 21

என் பொய்யை இந்தப் பேட்டையில் நம்பாத ஒரே ஆள் நான். அதனால் கோட்டு இல்லாத ஒரே ஆளும் நான்.

மே 24, சனி

நம்பமுடியாதது நடக்கிறது. வீடுவீடாகக் கோட்டுகள் வெளியே வருகின்றன. எல்லார் பீரோவிலும் ஒன்று தொங்கியிருக்கிறது! பிள்ளைக்குச் சின்னதாகிப்போன கோட்டு. கொடுக்கவும் கூச்சம், கேட்கவும் கூச்சம் என்று இத்தனை நாள் நாஃப்தலின் உருண்டையோடு உறங்கியவை. இப்போது, "எங்க பையன் கோட்டும் ராசிதாங்க, கேரம் போர்டுல கப்பு வாங்கினான்" என்று ஒரு அம்மா. "எங்களோடது மஞ்சள் காமாலையிலயே பொழச்ச கோட்டு" என்று இன்னொருத்தி. ஏழாவதுக் கோட்டு ஆறாவதுக்கு, பத்தாவது எட்டாவதுக்கு. நம் வீட்டு வாசலில் கைமாறுகின்றன, ராசிக்குச் சாட்சி நான் என்பதால். கணக்கா, ஓட்டமா, கையெழுத்தா என்று கேட்டுக் கேட்டுச் சான்றளித்தேன். நீதிபதி வேஷம் வீண்போகவில்லை.

ஒரு பைசா செலவில்லாமல் பாதிப் பேட்டைக்குக் கோட்டு கிடைத்தது. கரோலுக்கு மட்டும் கிடைக்கவில்லை. சைஸ் சரியாக இருந்த இரண்டையும் அவள் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"எல்லாம் நீ விட்ட கதைதான மாமா? பால் பூத்துல நான் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. ஐஸ்கிரீம்."

வாங்கிக் கொடுத்தேன். வேறு வழி?

மே 27, செவ்வாய்

ஐரின் பாட்டிலை அலமாரியிலிருந்து இறக்கி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தி. நகர். தரமணியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மச்சான் எரிக் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷமுமா?" என்றார். அவள் முந்தானையால் பாட்டிலின் தூசியைத் துடைத்தாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இது ஒன்றையாவது நம்புங்கள்.

மே 28, புதன்

பவுல்சாமி வேனை வாசலில் நிறுத்திவிட்டு மகள் ஜொவிட்டாவோடு வந்தான். அவள் பத்தாவது போகிறாள். கையில் மடித்த கோட்டு.

"நைனா, எல்லாரும் ராசி ராசின்னு தூக்கினு வர்றாங்கோ. எங்களுதுல ஒண்ணியும் கெடையாது. யாரும் தொடமாட்றாங்கோ. உனுக்கு வோணுமான்னு கேக்கதான் வந்தேன்."

நான் கடமை உணர்வோடு ஆரம்பித்தேன்: "அப்படிச் சொல்லாதடா, இந்தக் கோட்டுல..."

"மாமா, சும்மா இருங்க," என்று ஜொவிட்டா சிரித்தாள். "இதப் போட்டுட்டுப் போய்தான் பேச்சுப் போட்டில பாதில மறந்துட்டேன். இதப் போட்ட வருஷம்தான் கணக்குல பெயில். ஓட்டப்பந்தயத்துல எட்டாவது."

"எட்டாவது பரவால்லயே?"

"ஓடினதே எட்டு பேர் மாமா."

கரோல் எழுந்து போனாள். கோட்டை வாங்கினாள். மாட்டினாள். தோள் சரி, கை சரி. கண்ணாடிகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு இதுதான் வேணும்."

"ஏன்டி? அவங்களே ராசி இல்லங்கறாங்க," என்றாள் ஐரின்.

"மத்த கோட்டுலல்லாம் ராசி செலவாயிடுச்சும்மா. எல்லாரும் கப்பு கப்பா எடுத்துட்டாங்க. இதுல அக்கா ஒண்ணுமே எடுக்கல. அப்படியே ஃபுல்லா இருக்கு."

ஜொவிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். பவுல்சாமி, "பார்றா, இந்தக் கணக்கு நமுக்குத் தோணல!" என்று தொடையில் தட்டினான். ஐரின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், வாயில் கை வைத்துக்கொண்டு. இரண்டு கையும்.

கிளம்பும்போது எவ்வளவு தரட்டும் என்று ஐரின் கேட்டாள்.

"இன்னா சிஸ்டர் நீ? கோட்டுக்குக் காசா? கிறிஸ்மஸுக்கு ரெண்டு முறுக்கு குடு, போதும்."

"அண்ணே, அந்த முறுக்கா!"

கோட்டுக் கையை உதறி உதறி, "அக்கா கோட்டு, அக்கா கோட்டு" என்று படியெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் கரோல். ஐரின் அவளைத் தடுக்கவில்லை. ஒரு பொத்தானைப் பலமாகத் தைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

மே 30, வெள்ளி

தி. நகர் போகவில்லை. லஸ் பக்கம் பல் டாக்டர். மச்சான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பாட்டிலோடு வந்தார். பாட்டிலோடேயே! டாக்டர் மேசையில் கவிழ்த்ததும் சில்லறை உருண்டு ராயப்பேட்டை வரை ஓடியது. அளவெடுத்தார், அடுத்த வெள்ளி பொருத்துகிறாராம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. காலை வணக்கத்தில் பிள்ளைகள் இட்லிபோல் வெந்ததில், வெயில் தணியும்வரை கோட்டு வேண்டாம் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்களாம். கரோல் கோட்டைக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பாத்தியா மாமா? முதல் நாளே வேல செஞ்சிடுச்சு."

ஜூன் 8, ஞாயிறு. தூய ஆவியார் பெருவிழா.

இன்று கொஞ்சம் பாவசங்கீர்த்தனம். வரிசையின் வால் செங்கல்பட்டில் இல்லை, பனகல் பார்க்கில். பென்குயின் கனவு எழுதும்போது தோன்றியது. சில்லறை ராயப்பேட்டைக்குப் போகவில்லை, மேசைக்கு அடியில் போயிற்று. நான்தான் தவழ்ந்து பொறுக்கினேன். நான்கு முறை நீதிபதியும் இல்லை. ஒரே முறை, அதிலும் முதுகு மட்டும். மஞ்சள் காமாலைக் கோட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.

ஆனால் இன்று காணிக்கைப் பாட்டை ஐரின் முதல் வரிசையில் நின்று தனியாகப் பாடினாள். பாட்டுப் புத்தகம் மூடியபடி பெஞ்சில் கிடந்தது. இரண்டு கையும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம்.